சறுக்கப் போற பேரனுக்குத் தாத்தா சொல்ற யோசனை

பனிச்சறுக்கு வீரனாவறதுன்னு முடிவு பண்ணிட்டே. சந்தோசம்டா. வீட்டுல யாரும் உன்னைத் தடுக்கப் போறதில்ல, கவலைப்படாதே. பாதிப்பேருக்கு நீ சொல்றது என்னன்னே வெளங்கல. உங்கப்பன் அது ஏதோ ஐஸ் கம்பெனி உத்தியோகம்னு நெனச்சுக்கிட்டு, மாசம் எவ்வளவு தருவான்னு எங்கிட்ட ரகசியமா விசாரிச்சான். மொத இருபது வருசம் நாமதான் கையிலேர்ந்து போடணும், அப்பறம் பழகிடும்னு சொல்லியிருக்கேன். அதுலேர்ந்து அவன் சரியாச் சாப்புடறதில்ல.

தாத்தனுக்கு என்ன தெரியும்னு பாக்காதே. நீ ராத்திரி பூரா திண்ணையில உக்காந்து செல்லுல பாத்ததையெல்லாம் பக்கத்துல கயித்துக்கட்டில்ல படுத்துக்கிட்டு நானும்தான் பாத்தேன். நடுவுல நீ தூங்கிட்டே. செல்லு தூங்கல, நானும் தூங்கல. அதனால உன்னைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’னு ஆரம்பிப்பேன்னு எதிர்பாத்திருப்பே. சொல்ல மாட்டேன். ஆனை காசு குடுத்துக்கிட்டுப் போயிச் சறுக்கல.

மொதல்ல சரிவு வேணும். நம்ம ஊர்ல சரிவுன்னு ஒண்ணு இருக்குங்கறது தண்ணிக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் யோசிச்சு யோசிச்சுத்தான் கெழக்கே போவுது. நீ தென்னமட்டையில உக்காந்து குடமுருட்டிக் கரையிலேர்ந்து சறுக்கிப் பாத்தியாம்ல, கால்சட்டை கிழிஞ்ச சேதி வரைக்கும் வந்துருச்சு. ஆம்பளைங்க ஜெயன்ட் ஸ்லாலம்ங்கற பந்தயம் ஓட்டணும்னா, கெளம்புற எடத்துக்கும் முடியற எடத்துக்கும் ஒசர வித்தியாசம் 250 மீட்டர்லேர்ந்து 450 மீட்டர் வரைக்கும் இருக்கணும்னு சட்டம் வெச்சிருக்கான். தஞ்சாவூர் பெரியகோயில் விமானம் 216 அடி, மீட்டர்ல சொன்னா 66. கொறஞ்சது நாலு விமானத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும், நல்ல பந்தயம்னா ஏழு. ராஜராஜன் ஒண்ணைக் கட்டி 1010-ல முடிச்சதோட சரி. பாக்கி ஆறுக்கு நீ பஞ்சாயத்துல மனு குடுக்கலாம். அடுத்த கிராம சபையில வெச்சுப் பேசுவாங்க.

இந்த மலைச்சறுக்குல முக்கியமா நாலு ரகம் இருக்கு. டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜெயன்ட் ஸ்லாலம், ஸ்லாலம். மொத ரெண்டும் வேகத்துக்கு, பின்ன ரெண்டும் வளைஞ்சு திரும்புறதுக்கு. சுவிட்சர்லாந்துல வெங்கன்னு ஒரு ஊரு. அங்க 2013-ல ஜோஹன் க்ளேரேங்கற பிரெஞ்சுக்காரன் டவுன்ஹில்ல மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்துல எறங்குனான். கும்மோணம் ரோட்டுல போற நம்ம தனியார் பஸ் டிரைவர்கூட அந்த வேகம்னா ஒரு தடவை சாமி படத்தைப் பாத்துக்குவான். அது நமக்கு வேணாம். ஸ்லாலத்தை எடுத்துக்க. செவப்புக் கம்பு, நீலக் கம்புன்னு மாத்தி மாத்தி நட்டு வாசல் வெச்சிருப்பான். எல்லா வாசல்லயும் நொழஞ்சு வெளிய வரணும், ஒண்ணு தவறுனாலும் வீட்டுக்குப் போவலாம். ரெண்டு தரம் எறங்கணும். ரெண்டு நேரத்தையும் கூட்டி, ஒரு நொடியை நூறாப் பிச்சு அதுவரைக்கும் கணக்குப் பாப்பான். வாத்தியாருங்ககூட உங்கிட்ட அவ்வளவு நுணுக்கமா எதையும் கேட்டிருக்க மாட்டாங்க.

பலகையும் ஒண்ணு வாங்குனாப் போதும்னு நெனக்காதே. ஸ்லாலத்துக்குக் கொறஞ்சது 165 சென்டிமீட்டர் நீளம். ஜெயன்ட் ஸ்லாலத்துக்குக் கொறஞ்சது 193. ஒன்னைவிட ஒசரம். ஒவ்வொண்ணுலயும் பயிற்சிக்கு, பந்தயத்துக்குன்னு சோடி சோடியா வெச்சுக்கணும். அடிப்பக்கம் மெழுகை உருக்கி இஸ்திரி போட்டுத் தேய்க்கணும், ஓரத்து இரும்பை அரம் போட்டுத் தீட்டணும். பந்தயத்துக்கு மொத நாள் ராத்திரி ஓட்டுறவன் தூங்குவான், தேய்க்கறவன் தூங்க மாட்டான். அத்தனை சோடியையும் தூக்கிக்கிட்டு நீ பாபநாசம் ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கறப்ப, கல்யாணப் பந்தலுக்குச் சட்டமான்னு நாலு பேரு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிடு. வெளக்கம் குடுக்க ஆரம்பிச்சா ரயிலு போயிரும்.

சரி, உனக்கு முன்னாடி போனவன்னு ஒருத்தன் வேணும்ல. அதுக்கு வடக்க காஷ்மீரத்தைப் பாக்கணும். ஆரிஃப் கான்னு ஒரு தம்பி. 1990 மார்ச் 3-ல பொறந்தது. பாரமுல்லா மாவட்டம், தங்மார்க் பக்கம் ஹாஜிபல் கிராமம். அங்கேர்ந்து மேல ஏறுனா குல்மார்க், கடல் மட்டத்துலேர்ந்து 2,650 மீட்டர். அவங்கப்பா யாசீன் கான் குல்மார்க்ல பனிச்சறுக்குச் சாமான் கடை வெச்சிருந்தாரு. நாலு வயசுல அந்தத் தம்பி பலகை மேல ஏறி நின்னுருச்சு. இதுலேர்ந்து உனக்கு மொத யோசனை என்னன்னா, அப்பாவைப் பாத்துப் பொறக்கணும். அது உனக்குத் தவறிப்போச்சு. உங்கப்பன் வெச்சிருக்கறது உரக்கடை. யூரியா மூட்டை மேல நாலு வயசுல நீயும் ஏறித்தான் நின்னே. அதுக்குப் பதக்கம் குடுக்கற ஊரு எதுவும் இன்னும் கண்ணுல படல.

அந்த ஊர்ல சூழ்நிலையும் அப்படி. சர்க்காரு பனிச்சறுக்கும் மலையேத்தமும் சொல்லித்தர ஒரு நிலையம் நடத்துது. பட்டாளத்துக்காரனுக்கு மலையில, பனியில சண்டை போடப் பழக்கற பள்ளிக்கூடமும் அங்கதான் இருக்கு. நம்ம மேலத்தெருவுல ஒருத்தர் ரிடையராயி வந்தாரே, சித்திரை வெயில்லயும் மப்ளர் கட்டிக்கிட்டு, அவரு அங்க ஒரு மார்கழி இருந்துட்டு வந்தவரு. இன்னும் வெறயல் நிக்கலங்கறாரு. மேல போவக் கம்பியில தொங்குற கோண்டோலா வண்டி 1998-ல வந்துச்சு. 2005-ல அதையே அஃபர்வட் மலை முதுகு வரைக்கும் நீட்டினாங்க. அதுக்கு முன்னாடி சறுக்கணும்னா, பெரும்பாலும் பலகையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏறித்தான் ஆவணும். ஒரு தரம் எறங்க ரெண்டு நிமிசம், ஏற அரை நாளு. இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்க. அந்தத் தம்பியோட வாழ்க்கை பூரா இதே கணக்குலதான் ஓடுச்சு, மலை ஏறுறதுக்குப் பதிலா வேற என்னென்னமோ ஏறணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

2011-ல தெற்காசியப் பனி விளையாட்டு உத்தராகண்ட்ல நடந்துச்சு. ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் ரெண்டுலயும் ஆரிஃபுக்குத் தங்கம். அப்பறம் உலகச் சாம்பியன் போட்டி, ஆசியப் போட்டின்னு நாடு நாடாப் போச்சு. நீ நெனக்கிறே, தங்கம் வாங்குனவனுக்குக் கதவெல்லாம் தானாத் தெறக்கும்னு. 2018-ல தென்கொரியாவுல ஒலிம்பிக். அதுக்குத் தகுதி வாங்கணும்னா ஐரோப்பாவுல ஊரூராப் போயிப் பந்தயத்துல ஓட்டணும். தங்கற செலவு, சோத்துச் செலவு, மலையில மேல ஏத்திவிடறதுக்குச் சீட்டு, சொல்லிக்குடுக்கறவருக்குச் சம்பளம். இணையத்துல ஜனங்ககிட்டக் கையேந்திப் பாத்துச்சு. பத்தல. ஒலிம்பிக் அது இல்லாமலே நடந்துச்சு. கால்ல கோளாறு இல்ல, பலகையில கோளாறு இல்ல. பையில கோளாறு. அதுக்கு மெழுகு தேய்க்க முடியாது.

தகுதின்னு சொன்னேன்ல, அதைப் புரிஞ்சுக்க. ஒவ்வொரு பந்தயத்துலயும் மொத ஆளுக்கும் உனக்கும் எவ்வளவு நேர வித்தியாசம்னு பாத்துப் புள்ளி போடுவான் அந்தச் சர்வதேசச் சங்கத்துக்காரன். கொறைய கொறையத்தான் மதிப்பு. நெல்லுக் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பாக்கற மிஷினு மாதிரி வெச்சுக்க. 17-க்குள்ள காட்டுனா மூட்டை எடைக்குப் போவும். அதுக்கு மேல காட்டுனா அள்ளிக்கிட்டுப் போயிக் களத்துல திரும்பக் கொட்டணும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இவங்க வெச்ச கோடு 160 புள்ளி. நல்லா ஓட்டுன அஞ்சு பந்தயத்தோட சராசரி அதுக்குள்ள வரணும். மழை பேஞ்சுது, காயல, தளர்வு குடுங்கன்னு அங்க யாரும் டெல்லிக்குக் கடிதாசி எழுத முடியாது.

இப்பத்தான் கதை நம்ம ஊருப் பக்கம் வருது, கவனமாக் கேளு. அந்தத் தம்பி பெய்ஜிங்குக்கு மொதத் தகுதி வாங்குனது எங்கங்கறே? ஆல்ப்ஸ் மலையில இல்ல, இமயமலையில இல்ல. துபாய்ல! 2021 நவம்பர்ல. பாலைவனத்து நடுவுல, மால் ஆஃப் தி எமிரேட்ஸ்ங்கற கடைத்தொகுதிக்குள்ள, 2005-லயே ஒரு பனிமலையைக் கட்டி வெச்சிருக்கான். ஒசரம் ஒரு 85 மீட்டர். நம்ம விமானத்தைவிடக் கொஞ்சம் கூட. வெளிய நாப்பது டிகிரி வெயிலு, உள்ள தண்ணி உறையுது. நம்ம பக்கத்துப் பயலுவ ஊருக்கு நாலு பேரு துபாய்ல இருக்கான். மன்னார்குடிக்காரன் குளுகுளு மிஷினு மாட்டறான், கூத்தாநல்லூர்க்காரன் கடை வெச்சிருக்கான். எவனாவது இத்தனை வருசத்துல வீட்டுக்குப் பேசறப்ப, ‘மாமா, இங்க ஒரு மலை இருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொன்னானா? தங்கம் கிராம் என்ன வெலைன்னு மட்டும் சொல்லுவான். நானா இருந்தா முதல் வேலையா அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாசமே மாண்டிநீக்ரோவுல ஜெயன்ட் ஸ்லாலத்துக்கும் தகுதி வாங்கிருச்சு. ஒரே பனி ஒலிம்பிக்ல ரெண்டு பந்தயத்துக்குத் தகுதி வாங்குன மொத இந்தியன்னு அதைத்தான் சொல்றாங்க. 2022 ஜனவரியில, போட்டிக்குச் சில வாரம் இருக்கறப்ப, சர்க்காரு அதைத் தன்னோட ஒலிம்பிக் திட்டத்துல சேத்து 17 லட்சத்துச் சொச்சம் ஒதுக்குச்சு, ஆஸ்திரியாவுல பயிற்சிக்கும் சாமானுக்கும். சர்க்காரு உதவுறதே இல்லைன்னு சொல்றவன் வாயில அடிக்கணும். உதவும். நீ மலை உச்சியில நிக்கறப்பக் கரெக்டா வந்து பின்னாலேர்ந்து தள்ளிவிடும்.

பெய்ஜிங் போனது ஆறு பேரு. ஓட்டறது ஒருத்தரு, கூடப் போனது அஞ்சு பேரு. சிரிக்காதே, ஒரு பொண்ணு பாக்கப் போறப்ப நாம எத்தனை பேரு போறோம்? போன எடத்துல மேனேஜருக்குக் கொரோனா. அது பத்தாதுன்னு இன்னொரு வம்பு. கல்வான் சண்டையில கலந்துக்கிட்ட சீனப் பட்டாளத்து அதிகாரி கையில ஒலிம்பிக் தீபத்தைக் குடுத்துப்புட்டான் சீனாக்காரன். நம்ம அரசாங்கம் கோவப்பட்டு, தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் தூதரக ஆளு போவ மாட்டாருன்னு அறிவிச்சுது. தூர்தர்ஷனும் அந்த ரெண்டையும் காட்டல. கோவம் நாயந்தான். ஆனா பாரு, 140 கோடிப் பேருக்காக ஒத்த ஆளு கொடியைப் புடிச்சுக்கிட்டு அரங்கத்துக்குள்ள நடக்குது, ஊருல ஒருத்தன் வீட்டு டிவியிலயும் அது அரசாங்கச் சேனல்ல வரல. உங்கம்மா பாக்கற சீரியல் அன்னைக்கும் டயத்துக்கு வந்துருச்சு.

பிப்ரவரி 13, ஜெயன்ட் ஸ்லாலம். எடம் யான்சிங் மலை. அந்த ஒலிம்பிக்குக்குப் பந்தயப் பாதையில போட்டது பூரா மிஷினு வெச்சுச் செஞ்ச பனி. அதாவது, தண்ணியைச் சன்னமாப் பீய்ச்சி, காத்துலயே உறையவெச்சு மலைமேல கொட்டுனது. இத்தனையும் பண்ணி வெச்சா, பந்தயத்தன்னைக்கு வானம் நெசப் பனியைக் கொட்டித் தீத்துருச்சு. எதிர்ல இருக்கற கம்பு கண்ணுக்குத் தெரியல. புள்ளி கம்மியா இருக்கறவன், அதாவது பெரிய ஆளு, மொதல்ல எறங்குவான். அவனுக்குப் பாதை கண்ணாடி கணக்கா இருக்கும். அவன் கிழிச்ச தடத்துல அடுத்தவன், அதுக்குப் பின்னால அடுத்தவன். நம்ம தம்பி முறை வர்றப்ப ஒவ்வொரு வளைவுலயும் குழி பறிச்சுப் போட்டிருப்பாங்க. எண்பதுக்கு மேல ஆளுங்க எறங்குனாங்க. ரெண்டு தரமும் விழாம, வாசல் தவறாம, கோட்டைத் தாண்டுனது 46 பேரு. ஆரிஃப் 45. ரெண்டு ஓட்டமும் சேத்து 2 நிமிசம் 47.24 நொடி. தங்கம் வாங்குன சுவிட்சர்லாந்து மார்கோ ஓடர்மாட் 2 நிமிசம் 9.35. பின்னாடி 46-ஆவதா வந்தது ஜமைக்காக்காரரு பெஞ்சமின் அலெக்சாண்டர். அவரு முன்னாடி பார்ட்டியில பாட்டுப் போட்டுக்கிட்டு இருந்தவரு. மூணு நாளு கழிச்சு ஸ்லாலம். அதுல மொத ஓட்டத்துலயே ஆரிஃப் வெளிய.

இதை நம்ம டீக்கடையில நான் படிச்சுக் காட்டுனப்ப ஒரு சிரிப்பு எழுந்துச்சு பாரு. ‘நாப்பத்தஞ்சாவதா! கடைசிக்கு ஒண்ணு முன்னாடியா! இதுக்காகவா சீனாவுக்குப் போனான்?’ அதுல ஜாஸ்தியாச் சிரிச்சது யாரு தெரியுமா? நம்ம சிமெண்ட் கடை மாப்ளை. அவரு கோயில் கொளத்துப் படியில பாசி வழுக்கி விழுந்து மூணு மாசம் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கிட்டுக் கெடந்தவரு. சிரிச்ச இன்னொருத்தரு பையன் நீட்டுல வாங்குன ரேங்க்கு லட்சத்தைத் தாண்டி எங்கயோ போவுது, அதுக்கு ஃப்ளெக்ஸ் வெச்சாரு. நான் ஒண்ணும் பேசல. வெத்தலையை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவுனேன். தடவி முடிக்கறதுக்குள்ள, அந்தத் தம்பிக்கும் உலகத்துல மொத ஆளுக்கும் நடுவுல இருந்த 38 நொடி முடிஞ்சுபோச்சு. ‘மாப்ளே, அவ்வளவுதான் தூரம்’னேன். அவருக்கு வெளங்கல. உனக்கு வெளங்கலைன்னாலும் பரவால்ல, பலகை கட்டுனா வெளங்கிடும்.

கடைசியா வர்றதுலயும் நம்ம நாட்டுக்கு ஒரு பரம்பரை உண்டு, அதைக் கேவலமா நெனக்காதே. பனி ஒலிம்பிக்குக்கு இந்தியாவுலேர்ந்து மொத மொத போனவரு பேரு ஜெர்மி புஜகோவ்ஸ்கி. தஞ்சாவூர்ப் பேரு மாதிரி இல்லையேங்கறியா? பொறப்பால போலந்துக்காரரு, நம்ம நாட்டுக்காக ஓட்டுனாரு. 1964-ல இன்ஸ்ப்ரூக், 1968-ல கிரெனோபிள், ரெண்டுக்கும் ஒத்த ஆளாப் போனாரு. 1988 கால்கரியில ஷைலஜா குமார்ங்கற பொண்ணு ஸ்லாலம் ஓட்டுச்சு. பனி ஒலிம்பிக் போன மொத இந்தியப் பொண்ணு. 28-ஆவது எடம், முடிச்சவங்கள்ல கடைசி. ஆனா எறங்குனவங்கள்ல பாதிக்கு மேல பாதை முடிக்காமப் பாதியிலயே போனாங்கங்கறதைச் சொல்லாம, கடைசிங்கறதை மட்டும் சொல்றவன் அரைக்கணக்குப் பாக்கறவன்.

2014 சோச்சியில இன்னும் வேடிக்கை. நம்ம ஒலிம்பிக் சங்கத்தையே சஸ்பெண்ட் பண்ணி வெச்சிருந்தாங்க. அதனால தொடக்க விழாவுல நம்மாளுங்க மூணு பேரு நாட்டுக் கொடி இல்லாம ஒலிம்பிக் கொடிக்குக் கீழ நடந்தாங்க. பாதியில, பிப்ரவரி 11-ல, தடையை நீக்கினாங்க. மணாலிப் பக்கத்து ஹிமான்ஷு தாக்கூர் ஜெயன்ட் ஸ்லாலத்துல எறங்கறப்ப நாடு திரும்பக் கெடச்சிருந்துச்சு. 72-ஆவது எடம். கொடி இருக்கா இல்லையான்னு தெரியாமலே ஊரைவிட்டுக் கெளம்பறதுக்கு ஒரு தனித் தைரியம் வேணும். மெழுகும் பலகையும் அப்பறம்.

அந்த மூணு பேருல இன்னொருத்தரு சிவ கேசவன். பேரைக் கேட்டதும் நம்மாளோன்னு நானும் காதைத் தீட்டுனேன். அப்பா கேரளத்துத் தலச்சேரி, அம்மா இத்தாலிக்காரங்க, வளந்தது மணாலி. பலகையில நிக்கறவரில்ல, சின்ன வண்டியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஐஸ் வாய்க்கால்ல வர்றவரு. 1998-லேர்ந்து 2018 வரைக்கும் ஆறு ஒலிம்பிக். ஊர்ல ஐஸ் தடமே இல்லாம, அந்த வண்டிக்குச் சக்கரம் மாட்டி மலை ரோட்டுல லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவுல பழகுனாரு. அதைப் பாத்துட்டு நீ நம்ம ஏத்தத்துப் பாலத்துல பண்ணிப் பாக்கணும்னு நெனச்சே, தெரியும். வேணாம். அந்தப் பாலத்துல நெல்லு காயப் போட்டிருக்காங்க.

பதக்கமே கெடயாதான்னு மொவத்தைத் தொங்கப் போடாதே. மணாலிகிட்ட புருவா கிராமத்துலேர்ந்து ஆஞ்சல் தாக்கூர்னு ஒரு பொண்ணு, 2018 ஜனவரியில துருக்கியில எர்சுரும்ங்கற ஊர்ல ஸ்லாலத்துல வெண்கலம் வாங்குச்சு. அந்தச் சர்வதேசச் சங்கத்துப் பந்தயத்துல இந்தியாவுக்குக் கெடச்ச மொதப் பதக்கம்னாங்க. பிரதமரே வாழ்த்துச் சொன்னாரு. அதுக்கும் அப்பா சங்கத்துல நிர்வாகி. திரும்பத் திரும்ப அப்பா விசயத்துலயே வந்து முட்டுது பாரு, என்ன பண்ணச் சொல்றே.

இன்னொண்ணு, நீ போயிச் சேர்றதுக்குள்ள பனி இருக்கணும். 2024 ஜனவரியில குல்மார்க் மொட்டையாக் கெடந்துச்சு. வெறும் புல்லு. அங்க நடக்க வேண்டிய கேலோ இந்தியா பனிப் போட்டியைத் தள்ளி வெச்சுப் பிப்ரவரி கடைசியில நடத்துனாங்க. 2025-லயும் அதே கூத்து, மார்ச்சுக்குப் போயிருச்சு. அதே 2024-ல நம்ம மேட்டூரை ஜூன் 12-ல தெறக்கல, ஞாபகமிருக்கா? அணையில தண்ணி இல்ல. ஜூலை கடைசியிலதான் தெறந்தாங்க, நம்ம குறுவை என்னாச்சுன்னு நான் சொல்ல வேணாம். வானத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கற தொழில் வேணாம்னுதானே நீ வயலை விட்டு ஓடப் பாக்கறே? ஓடிப் போயி எங்க நிக்கப் போறே பாரு. ஒண்ணு, அங்க கழுத்து வலிக்காது. மலைமேல நின்னா வானம் கொஞ்சம் கிட்டத்துல இருக்கும்.

முழங்காலைப் பத்திப் பேசுனா பயந்துருவே, அதனால சுருக்கமாச் சொல்றேன். அமெரிக்காவுல லிண்ட்சி வோன்னு ஒரு பொண்ணு, உலகக் கோப்பையில 82 பந்தயம் ஜெயிச்சிட்டு 2019-ல முழங்கால் தாங்காம நிறுத்துச்சு. மூட்டுல டைட்டானியம் வெச்சுக்கிட்டு 2024-ல நாப்பது வயசுல திரும்ப வந்து நின்னுச்சு. எனக்கும் டாக்டர் மூட்டு மாத்தணும்னாரு. மாத்திட்டா நானும் வரேன், தொணைக்கு.

மிச்சம் கல்யாணம். ஆரிஃப் தம்பிக்கு 2021-ல கல்யாணம் ஏற்பாடாகி இருந்துச்சு. தகுதிப் பந்தயத்துக்குத் தயாராவணும்னு அதைத் தள்ளி வெச்சுருச்சு. இந்த எடத்துலதான் எனக்கு அந்தத் தம்பி மேல நெசமான மரியாதை வந்துச்சு. மணிக்கு எண்பது கிலோமீட்டர்ல மலையிலேர்ந்து எறங்கறது ஒரு தைரியம்னா, மண்டபத்துக்கு முன்பணம் குடுத்த அப்பறம் பெரியவங்க முன்னாடி நின்னு ‘இப்ப வேணாம்’ங்கறது அதுக்கு மேல. நம்ம வீட்டுல உங்கம்மா ஏற்கெனவே வலங்கைமான்ல ஒரு எடம் பாத்து வெச்சிருக்கா. பொண்ணு பி.எட். முடிச்சிருக்கு, அவங்கப்பா ரொம்பக் கறாரு, மாப்ளை என்ன பண்றாருன்னு ரெண்டு தரம் ஆள் விட்டுக் கேட்டுட்டாரு. நீ ஒண்ணும் வாயைத் தெறக்காதே, நான் பாத்துக்கறேன். தம்பி துபாய்ல, பெரிய மால்லன்னு சொல்லிப்புடறேன். அதுல பொய்யில்ல, எப்படியும் நீ ஒரு நாள் அங்க போயித்தான் ஆவணும். மால்ல என்ன வேலைன்னு மனுசன் விடாமக் கேட்டா, மேலேர்ந்து கீழ வரைக்கும் எல்லாம் அவருதாங்கன்னு சொல்லிட்டு வெத்தலையை வாயில போட்டுக்கறேன்.